ஓர் எழுத்துப் பிழை காத்த பெருநிதி

நாட்டின் பாதுகாப்பு என்ற சொற்றொடரைக் கேட்டவுடன் நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன, எல்லைப்புறத்துச் சோதனைச் சாவடியும், துப்பாக்கி ஏந்திய வீரனும், கடலிலே சுற்றித் திரியும் கடற்படைக் கலமுமேயாம். நெடிய போரொன்றின் வடுவைத் தாங்கி வாழும் நம் கிழக்குக் கரையினருக்கு அவ்வாறு தோன்றுவதில் வியப்புமில்லை. ஆனால் எல்லையைக் கடவாமலும், கடலில் இறங்காமலும், ஒரு வெடியோசையேனும் எழுப்பாமலும் ஒரு தேசத்தின் களஞ்சியத்தைத் திறந்து அள்ளிச் செல்லத்தக்க பகைவர் இன்று தோன்றியுள்ளனர். அவர்கள் ஏந்தும் ஆயுதம் கணினி. அவர்கள் நடந்து வரும் பாதை இணையம். இணையவழிக் குற்றம் என்று நாம் வழங்குவது இவர்களுடைய கைவரிசையையே.

"அது கொழும்பிலே பெரிய உத்தியோகம் பார்ப்போரின் கவலையல்லவா? கல்முனைச் சந்தையிலே மீன் வாங்கும் எனக்கும், மருதமுனையிலே தறியில் அமர்ந்து சாரம் நெய்யும் தொழிலாளிக்கும் இதில் என்ன பங்கு?" என வாசகர் எவரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வியே அது. செல்வம் மிக்க நாடுகளைவிட, வளர்ந்துவரும் நாடுகளையே இக்குற்றம் ஆழமாகத் தாக்குகின்றது. அத்தாக்குதலைத் தடுக்கும் காவலாளியோ பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு சாதாரண மனிதனாகவே இருக்கின்றான். இவ்விரண்டையும், உண்மையில் நடந்த சில சம்பவங்களைக் கொண்டு இவ்வாரம் ஆராய்வோம்.

வியாழன் இரவில் வந்த கள்வர்

நம்மைப் போன்ற நாடுகள் ஏற்றுமதியாலும், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்தாலும் சேர்க்கும் டொலர்களை உள்ளூர்ப் பெட்டகத்திலே பூட்டி வைப்பதில்லை. அவற்றுள் ஒரு பகுதியை நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கி போன்ற அயல்நாட்டு நிலையங்களிலே கணக்கு வைத்துக் காப்பதே வழக்கம். எரிபொருளுக்கோ மருந்துக்கோ பணம் கட்ட வேண்டுமாயின், ‘சுவிஃப்ட்’ என்னும் வங்கித் தொடர்பு வலையின் மூலம் கட்டளை அனுப்பப்படும். கட்டளை சரியான வடிவில் வந்தால் பணம் நகரும். கட்டளை இட்டவன் உரியவன்தானா என்று முகம் பார்த்து அறிவதற்கு அங்கே இடமில்லை.

2016ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, வியாழக்கிழமை. அன்றிரவு பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரால் நியூயோர்க் நகருக்கு 35 கட்டளைகள் சென்றன. அவை கோரிய மொத்தத் தொகை ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். அவற்றுள் ஒன்றையேனும் டாக்கா நகரிலிருந்த வங்கி உத்தியோகத்தர் அனுப்பவில்லை. வங்கியின் கணினிகளுக்குள்ளே முன்னரே புகுந்து ஒளிந்திருந்த கள்வர்கள் அனுப்பியவை அவை.

அவர்கள் புகுந்த வழி எது தெரியுமா? 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேலை கேட்டு விண்ணப்பிக்கும் ஒருவர் அனுப்பியதுபோன்ற பணிவான மின்னஞ்சல்கள் வங்கி ஊழியர் சிலருக்கு வந்தன என்று பின்னாளில் அமெரிக்கப் புலனாய்வாளர்கள் கண்டறிந்தனர். தம்மைப் பற்றிய விபரக்கோவையைப் பார்க்குமாறு அம்மடல்கள் வேண்டின. திறந்து பார்த்தவருடைய கணினியில் நச்சுநிரல் குடியேறியது. அதன்பின் ஓராண்டு காலம் கள்வர்கள் அவசரப்படாமல் உள்ளே இருந்து, யார் எப்போது வேலை செய்கிறார், கட்டளைகள் எவ்வாறு எழுதப்படுகின்றன என்றெல்லாம் பாடம் படித்தனர்.

நாள் குறித்ததிலும் அவர்களுடைய சூழ்ச்சி வியக்கத்தக்கது. பங்களாதேஷில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நியூயோர்க்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை. பணம் போய்ச் சேரவிருந்த மணிலாவிலே திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று நாடுகளின் ஓய்வு நாள்களை ஒன்றோடொன்று கோத்து, நான்கு நாள் இடைவெளியைத் தமக்கென அவர்கள் உண்டாக்கிக்கொண்டனர்.

மத்திய வங்கியிலே ஒவ்வொரு கட்டளையையும் தாளில் அச்சிட்டுத் தள்ளும் பொறி ஒன்று உண்டு. அதனையும் கள்வர் செயலிழக்கச் செய்திருந்தனர். வெள்ளிக்கிழமை காலை பணிக்கு வந்தோர், பொறி இயங்காததைக் கண்டனர். வழக்கமாக வரும் கோளாறே என எண்ணி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டனர். பொறி மீண்டும் இயங்கி, நியூயோர்க்கிலிருந்து வந்த வினாக்கள் தாளில் ஏறியபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

நான்கு கட்டளைகளின்படி 81 மில்லியன் டொலர் மணிலாவிலுள்ள ரிசால் வணிக வங்கியின் கிளையொன்றுக்குச் சென்றது. அங்கே பொய்யான அடையாள அட்டைகளைக் காட்டி 2015 மே மாதத்திலேயே திறக்கப்பட்டு, ஆளுக்கு 500 டொலரோடு உறங்கிக் கிடந்த கணக்குகள் அப்பணத்தை விழுங்கின. பணத்தை நிறுத்துங்கள் என்ற வேண்டுகோள் வந்து சேர்ந்தும், 9ஆம் திகதி அது வெளியே எடுக்கப்பட்டது; எடுத்த பணத்தின் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளிலே கரைந்தது. அவ்வாண்டிலே சுமார் 15 மில்லியன் டொலரே மீண்டது. மார்ச் 15ஆம் திகதி பங்களாதேஷ் மத்திய வங்கியின் ஆளுநர் அதியுர் ரஹ்மான் பதவி விலகினார். மணிலாக் கிளையின் முகாமையாளர் 2019 ஜனவரியில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

இலங்கைக்கு வந்த இருபது மில்லியன்

இக்கதையிலே நம் நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ஐந்தாவது கட்டளை 20 மில்லியன் டொலரை இலங்கையிலிருந்த ஒரு நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்புமாறு பணித்தது. அந்நிறுவனத்தின் பெயரிலே ‘பவுண்டேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் இருந்தது. கட்டளை எழுதிய கள்வன் அதனை ‘ஃபான்டேஷன்’ எனப் பொருள்படும்படி எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டான். பணம் கடந்து செல்லும் வழியிலிருந்த ஜெர்மனியின் டொய்ச்சு வங்கியிலே அப்பிழை கண்ணிற் பட்டது. இங்கே கொழும்பிலே பான் ஏசியா வங்கியிலும், இத்தகைய கணக்கொன்றுக்கு இவ்வளவு பெருந்தொகையா என்ற ஐயம் எழுந்தது. கேள்வி கேட்கப்பட்டது. பணம் நின்றது. 20 மில்லியன் டொலரும் உரியவர்களிடம் திரும்பிச் சென்றது.

எஞ்சிய 30 கட்டளைகளின் கதையும் இதற்கு இளைத்ததன்று. மணிலாக் கிளை அமைந்திருந்த வீதியின் பெயர் ‘ஜூபிடர்’. தடை விதிக்கப்பட்ட கப்பற் பட்டியலொன்றிலும் அதே பெயர் இருந்தது. அப்பெயர் ஒற்றுமையால் நியூயோர்க்கிலே கட்டளைகள் மறுபடி நோக்கப்பட்டு, ஏறத்தாழ 850 மில்லியன் டொலர் தப்பியது. கோடிக்கணக்கான பணம் செலவிட்டு அமைத்த இயந்திரங்கள் ஏமாந்தன. ஓர் எழுத்துப் பிழையும், ஒரு வீதியின் பெயரும், அவற்றைக் கண்டு நின்று வினவிய மனிதரும் ஒரு நாட்டின் நிதியைக் காத்தனர்.

இந்நிகழ்ச்சியிலே இருவகை மனிதரைக் காண்கிறோம். இயங்காத பொறியைக் கண்டு, "வழமையான கோளாறுதானே" என்று விட்டவர் ஒருவகை. பிழைபட்ட சொல்லைக் கண்டு, "இது ஏன் இப்படி?" என்று நிறுத்திக் கேட்டவர் மற்றொரு வகை. இருவருமே கெட்ட எண்ணம் இல்லாதவர். எனினும் முன்னவரின் அலட்சியத்தால் கள்வனுக்கு நேரம் கிடைத்தது; பின்னவரின் வினாவால் நாட்டுக்குப் பணம் கிடைத்தது.

வறிய வீட்டில் விழும் இடி

81 மில்லியன் டொலர் அமெரிக்கா போன்ற நாட்டுக்கு ஒரு துளி. நமக்கோ? 2022ஆம் ஆண்டு மே மாதத்திலே, உடனே பயன்படுத்தத்தக்க அந்நியச் செலாவணி 50 மில்லியன் டொலருக்கும் குறைவாகவே இருக்கிறது என்று அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்திலே கூறினார். அந்நாள்களை நாம் மறந்திருக்க முடியாது. எரிவாயுச் சிலிண்டரை வரிசையிலே வைத்துவிட்டு இரவெல்லாம் காத்திருந்தோம். மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடி வள்ளங்கள் கரையிலே கிடந்தன. பசளை கிடைக்காமல் வயல்கள் வாடின. வைத்தியசாலைகளிலே மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. பங்களாதேஷில் அந்த ஒரு வாரவிறுதியிலே களவு போன தொகை, 2022 மே மாதத்தில் நம் நாட்டின் கையிலிருந்த செலவழிக்கத்தக்க டொலர் அனைத்தையும் விடப் பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வளர்ந்துவரும் நாட்டுக்கு இணையவழித் திருட்டு பாதுகாப்புப் பிரச்சினையாவது இதனாலேயே. உணவும் எரிபொருளும் மருந்தும் இன்றி எந்த நாட்டின் படையும் நிற்காது. எந்த அரசும் நிலைக்காது. 2022இல் அரசு ஆட்டங்கண்டதை நாமே பார்த்தோம்.

திருடிய பணம் எங்கே போகின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. பங்களாதேஷ் திருட்டின் தொடர்பில் வட கொரியர் ஒருவர்மீது அமெரிக்க நீதித்துறை 2018 செப்டெம்பரில் குற்றஞ்சாட்டியது. வட கொரிய அரசு அதனை மறுத்தது. இவ்வாறான இணையத் தாக்குதல்களின் மூலம் 2 பில்லியன் டொலர் வரை அந்நாடு தன் ஆயுதத் திட்டங்களுக்கெனத் திரட்டியதாக ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2019இல் மதிப்பிட்டது. ஏழை நாடொன்றின் நெசவாலைத் தொழிலாளர் உழைத்துச் சேர்த்த டொலர், வேறெங்கோ ஓர் ஏவுகணைக்கு விலையாகும் விந்தையை என்னென்பது!

பிரதி எடுத்து வையாத கோவைகள்

பணத்தை விட்டு, இனி அரச அலுவலகத்துக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் இலங்கை அரசின் மின்னஞ்சல் வலை பணயக் கைப்பற்றலுக்கு உள்ளானது. கோப்புகளை எவரும் வாசிக்க முடியாதபடி பூட்டிவிட்டு, திறவுகோலுக்கு விலை கேட்கும் குற்றம் இது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. வலையை விரைவிலே மீட்டெடுத்தனர். எனினும் மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரை, மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட காலத்துக் கடிதங்கள் மறைந்தே போயின. அக்காலத்துக்குரிய தனிப் பிரதி வேறெங்கும் இருக்கவில்லை.

காரணத்தைக் கேட்டால் கள்வனின் திறமையை விட நம் வறுமையே முன்னுக்கு வந்து நிற்கின்றது. அங்கே இயங்கியது 2013ஆம் ஆண்டின் பழைய மென்பொருட் பதிப்பு. அதனை மாற்றும் எண்ணம் 2021 முதலே இருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் நிர்வாகத் தாமதத்தாலும் அது கைகூடவில்லை என்று பொறுப்பதிகாரிகள் விளக்கினர். அரிசிக்குப் பணமில்லாத வீட்டில் பூட்டு வாங்கப் பணம் ஏது? ஆயினும் நம்மூர் வயற்காரர் இதற்கு மறுமொழி அறிவார். வரம்பிலே நண்டு துளைத்த வளையை மண்ணிட்டு மிதித்து அடைக்கக் காசு வேண்டியதில்லை. காலையிலே ஒருமுறை வரம்பைச் சுற்றி வரும் கால்களே வேண்டும். அவ்வளையை விட்டுவைத்தால் இரவிலே தண்ணீர் முழுதும் வடிந்துவிடும். இருப்பதற்கெல்லாம் ஒரு பிரதி வேறிடத்தில் இருக்கிறதா என்று வாரந்தோறும் ஒருவர் கேட்டிருந்தால் அம்மூன்று மாதக் கடிதங்களும் தப்பியிருக்கும்.

இதற்கு முந்திய ஆண்டு மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்டா ரிக்கா என்னும் சிறு நாடு இதைவிடக் கொடிய நிலையை அடைந்தது. 2022 ஏப்ரலில் அதன் நிதியமைச்சின் கணினிகள் பூட்டப்பட்டன. வரி வசூலும் சுங்கப் பணிகளும் தடுமாறின. மே 8ஆம் திகதி பதவியேற்ற புதிய ஜனாதிபதி றொட்ரிகோ சாவெஸ் உடனே தேசிய அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். நிலையான இராணுவத்தை 1948இலேயே கலைத்துவிட்டு அமைதி வாழ்வு வாழ்ந்த நாடு அது. அத்தகைய நாடும் கணினித் திருடரோடு போர் நடக்கிறது என்று கூறவேண்டி வந்தது.

அம்பாறை நகரின் ஓரிரவு

இப்போது நம் மாவட்டத்துக்கே வருவோம். கச்சேரி அலுவல்களுக்காகச் சம்மாந்துறை வழியே நாம் சென்றுவரும் அம்பாறை நகரிலே, 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, முஸ்லிம் ஒருவரின் உணவுக் கடையிலே தகராறு எழுந்தது. உணவிலே மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலந்திருக்கிறது என்று வாடிக்கையாளர் குற்றஞ்சாட்டினர். சிங்கள மொழியிலே போதிய பழக்கமில்லாத கடைக்காரர், சூழ்ந்து நின்றோரின் மிரட்டலிலே தலையசைத்தார். அத்தலையசைப்பு கையடக்கத் தொலைபேசியிலே படமானது. படம் பேஸ்புக்கிலே பரவியது. அன்றிரவே கடைகளும் வாகனங்களும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன.

பின்னர் அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் அவ்வுணவைச் சோதித்துச் சொன்ன முடிவு என்ன? மாத்திரை எனப்பட்டது, கரையாமல் திரண்டிருந்த மாவுக் கட்டி! அதற்குள் பொய் மலைநாட்டை எட்டிவிட்டிருந்தது. மார்ச் மாதத் தொடக்கத்திலே திகன முதலிய இடங்களிலே வேறொரு துயரச் சம்பவத்தைத் தொட்டு வன்செயல் மூண்டபோது, அம்பாறையில் பிறந்த கட்டுக்கதையும் அந்நெருப்புக்கு எண்ணெயாயிற்று. உயிர்கள் பலியாயின, வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த நாள் முதல் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவை ஒரு வாரத்துக்கு மேல் முடக்கப்பட்டன. தன் தளம் அவ்வன்செயலுக்குத் துணைபோனமைக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்திலே மன்னிப்புக் கோரியது.

மத்திய வங்கித் திருட்டையும் இதனையும் ஒரே தலைப்பின்கீழ் வைக்கலாமா என்று சட்டம் படித்தோர் வாதிடலாம். குற்றத்தின் பெயர் வேறாக இருக்கட்டும், விளைவைப் பாருங்கள். ஒரு நாட்டின் படையை வீதிக்கு இறக்கி, அதன் சட்டத்தை அவசரகாலச் சட்டமாக்கி, அயலவனை அயலவன் அஞ்சும்படி செய்ய ஒரு துண்டுப் படம் போதுமாயிருந்தது. டொலர் போனால் மீண்டும் உழைத்துச் சேர்க்கலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையிலே கொள்வனவும் விற்பனவும் செய்யும் நம் மாவட்டத்திலே, அறுந்துபோன நம்பிக்கையை எந்த வங்கியில் கடன் வாங்குவது? அந்த மாவுக் கட்டியைக் கையிலெடுத்து, "சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்று நிறுத்திக் கேட்க அன்று ஒருவர் வாய்க்கவில்லை.

நம் வீட்டு வாசல்

தேசத்தைப் பற்றிப் பேசினோம். இனி வீட்டைப் பற்றிப் பேசுவோம். இரண்டுக்கும் இடையே நீண்ட தூரம் இல்லை.

நிந்தவூரிலே ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். மகன் கட்டாரிலே வேலை செய்து மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். மூதாட்டியின் தொலைபேசி ஒலிக்கின்றது.

"உம்மா, நான் வங்கியிலிருந்து பேசுகிறேன். உங்கள் கணக்கு இன்றோடு முடங்கப் போகிறது. இப்போது உங்களுக்கு ஆறு இலக்கம் ஒன்று வந்திருக்கும், அதைச் சொல்லிவிடுங்கள், நான் சரிசெய்து தருகிறேன்."

குரலிலே மரியாதை ததும்புகின்றது. மூதாட்டி கண்ணாடியைத் தேடுகிறார். பக்கத்திலே பாடம் படித்துக்கொண்டிருந்த பேத்தி நிமிர்ந்து, "உம்மம்மா, சொல்லாதீங்க! வங்கியில இருந்து அந்த இலக்கத்தக் கேக்க மாட்டாங்க. நாளைக்குப் போய் நேர்ல கேப்போம்" என்கிறாள். மறுமுனையிலே தொலைபேசி உடனே துண்டிக்கப்படுகின்றது.

அப்பேத்தி காத்தது தன் வாப்பாவின் ஒரு மாத உழைப்பை மட்டுமா? வெளிநாட்டிலே உழைப்போர் இலங்கைக்கு அனுப்பிய பணம் 2020இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலராக இருந்தது. 2022இல் அது 3.8 பில்லியனாக வீழ்ந்தது. செலாவணி விகிதத்தில் நம்பிக்கை இழந்த பலர் வங்கியை விட்டு உண்டியல் வழியை நாடியது அதற்கு ஒரு முக்கிய காரணம். 2023இல் அது மீண்டும் 6 பில்லியனை நெருங்கியது. வங்கியிலே போட்ட பணம் திருடர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் ஊருக்குள் வேரூன்றினால், மக்கள் மறுபடி உண்டியற்காரனையே தேடுவர். டொலர் நாட்டுக்கு வராது. டொலர் வராத நாட்டிலே எரிவாயு வரிசை மீண்டும் நீளும். ஒரு மூதாட்டியின் ஆறு இலக்கத்துக்கும் தேசத்தின் பாதுகாப்புக்கும் உள்ள உறவு இதுவே.

மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இரண்டு செய்திகளைத் தனியே சொல்ல வேண்டும். "உன் வங்கிக் கணக்கைச் சில நாள்களுக்குத் தா; வரும் பணத்தை எடுத்துத் தந்தால் உனக்கொரு பங்கு" என்று எவரேனும் ஆசை காட்டினால், மணிலாவிலே உறங்கிக் கிடந்த அந்தக் கணக்குகளை நினைவுகூருங்கள். திருடனுக்குப் பணம் கடத்த ஒரு பாலம் வேண்டும். அப்பாலமாகும்படியே உங்களை அழைக்கிறான். பிடிபடுவது பாலத்துக்குச் சொந்தக்காரனே. திருடன் கடல் கடந்த நாட்டிலே இருப்பான்.

மற்றது, வெளிநாட்டிலே கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்ற விளம்பரம். இவ்வாறு நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் பலர், மியன்மாரின் மியாவடிப் பகுதியிலே அடைத்துவைக்கப்பட்டு, உலகெங்குமுள்ள மக்களை இணையத்திலே ஏமாற்றுமாறு பலவந்தப்படுத்தப்பட்டனர். 2024இல் அவர்களுட் பலர் மீட்கப்பட்டுத் தாயகம் திரும்பினர். கடவுச்சீட்டைக் கொடுக்குமுன், அம்முகவருக்கு அனுமதி உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலே விசாரிப்பதற்கு ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளைச் செலவிட மறுத்தமையால் பலர் ஆண்டுகளை இழந்தனர்.

சட்டமும் மனிதனும்

அரசு கைகட்டி நிற்கவில்லை என்பதையும் கூறவேண்டும். கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் ‘சேர்ட்’ நிறுவனம் 2006இல் அமைக்கப்பட்டது. 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடுகள் ஒன்றுக்கொன்று சாட்சியமும் துப்பும் வழங்கி உதவுவதற்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையிலே, தென்னாசிய நாடுகளுள் முதலாவதாக இலங்கை 2015இல் இணைந்தது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022இல் நிறைவேறியது. பொலிஸ் திணைக்களத்திலும் கணினிக் குற்றங்களை விசாரிக்கத் தனிப் பிரிவு இருக்கின்றது. ஏமாற்றப்பட்டவர் வெட்கத்தால் ஒளித்துவையாது, காலந்தாழ்த்தாமல் வங்கிக்கும் பொலிஸுக்கும் அறிவித்தல் வேண்டும். மணிலாப் பணம் போனது சில நாள் தாமதத்தினால் அன்றோ?

ஆனால் சட்டத்தின் கைக்கும் எல்லை உண்டு. 2018இலே சமூக வலைத்தளங்களை முடக்கியபோது பொய் பரப்பியோர் வேறு வழி தேடிக்கொண்டனர். இணையத்தை நம்பி வியாபாரம் செய்தோரும், உறவினரின் நலம் அறியத் துடித்தோரும் தவித்தனர். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நேர்மையான விமர்சனத்தையும் வாயடைக்கச் செய்யுமோ என்ற அச்சத்தைப் பலர் வெளியிட்டனர். காவலுக்கென்று வைத்த நாய் வீட்டுக்காரரையே கடிப்பதாயின் அக்காவலால் பயனில்லை. கதவைப் பூட்டவும் வேண்டும். வீட்டில் உள்ளோர் மூச்சுவிடவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்வது நல்லாட்சியின் கடமை.

எவ்வளவு சிறந்த சட்டமும், ஒருவர் ஓர் இணைப்பை அழுத்தும் அக்கணத்திலே பக்கத்தில் வந்து நிற்காது. அக்கணத்தில் நிற்பது நம் புத்தி ஒன்றே. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் மூதாதையர் சொல்லி வைத்தனர். வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் அவர்கள் கண்டதில்லை. மனிதனை நன்றாகக் கண்டிருந்தனர்.

ஒலுவிலிலே அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், கரையோரமெங்குமுள்ள பாடசாலைகளிலும் கணினி பயிலும் நம் பிள்ளைகள் பலர். அவர்களுட் சிலர் நாளை வங்கிகளிலும் அமைச்சுகளிலும் வைத்தியசாலைகளிலும் கணினிகளுக்குக் காவலராக அமர்வர். திறமையை ஆசிரியர் கற்பிப்பர். நிறுத்திக் கேட்கும் பழக்கத்தை வீடுதான் கற்பிக்க வேண்டும். "இதை யார் அனுப்பினார்? உண்மையா? ஏன் இவ்வளவு அவசரம்?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, "பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்காதே" என்று அதட்டாது, அருகிலே அமர்ந்து கூடவே விசாரிப்போமாக.

இன்றிரவு உங்கள் தொலைபேசிக்கு வரும் செய்தியொன்றை மற்றவருக்கு அனுப்புமுன், அல்லது ஓர் இலக்கத்தை எவருக்கேனும் சொல்லுமுன், ஒரு நிமிடம் தாமதியுங்கள். அந்த ஒரு நிமிடத்திலே நீங்களும் நாட்டின் காவலிலே நிற்கிறீர்கள்.